பதினோரு ஊசி போட்ட கைக்குப் பன்னிரண்டாவது எதற்கு?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 41 வயது. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். 2014 முதல் ஒரு வருடம்கூட விடாமல் ஃப்ளூ ஊசி போட்டிருக்கிறேன். போன வருடத்தோடு 11 ஆகிறது. அப்படியும் 2023 மார்ச்சில் எச்3என்2 (ஏ வகை ஃப்ளூவில் ஒன்று) பாசிட்டிவ் வந்து எட்டு நாள் படுத்துவிட்டேன். போன ஐப்பசியிலும் காய்ச்சல், இருமல். அப்போது ஸ்வாப் எடுக்கவில்லை. எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் முதல் தடவையாகப் போட்டாள், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் ஒரு ஊசியும் போட்டதில்லை, தும்மல்கூட வந்ததில்லை என்கிறார். "வருஷா வருஷம் போட்டால் எதிர்ப்புச் சக்தி மழுங்கிவிடும், அமெரிக்க ஆஸ்பத்திரியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று வந்த வாட்ஸ்அப் செய்தியை என் கணவர் காட்டுகிறார். வீட்டில் மாமியாருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். போட்ட ஊசிகளால் என் எதிர்ப்புச் சக்தி கெட்டுப்போயிருக்குமா? இந்த வருடம் விட்டுவிடலாமா?

பதில்: சிஸ்டர், கெட்டுப்போகவில்லை. விட்டுவிடவும் வேண்டாம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் வீட்டில் வாதத்தில் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். உங்கள் கணவர் காட்டுகிற செய்தி முழுப்பொய் இல்லை. உள்ளே ஒரு பிடி உண்மை இருக்கிறது, மேலே படி படியாகத் தவிடு. தவிட்டைப் புடைக்கத் தெரியாமல் "அதெல்லாம் வதந்தி" என்று சொல்லிவிடுவது எங்கள் டாக்டர் வர்க்கத்தின் பழைய வியாதி. அதனால்தான் வாட்ஸ்அப் ஜெயிக்கிறது. எனவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன். நைட் டியூட்டியில் நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதலில், "மழுங்கிவிடும்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஃப்ளூவுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு பழைய சோதனை உண்டு. ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை 10 மடங்கு, 20 மடங்கு, 40, 80, 160 என்று நீர்த்துக்கொண்டே போய், சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விடுவார்கள். ஒவ்வொரு குழியிலும் வைரஸும், கோழி அல்லது வான்கோழியின் சிவப்பணுக்களும் சேரும். எதிர்ப்பொருள் போதுமான அளவு இருந்தால் வைரஸின் பிடி கட்டப்பட்டுவிடும். சிவப்பணுக்கள் குழியின் அடியில் குங்குமப் பொட்டு மாதிரி இறங்கி உட்காரும். போதவில்லை என்றால் வைரஸ் அணுக்களைக் கோத்துப் பிடித்துக்கொள்ளும், பொட்டு விழாது, குழி முழுக்க இளஞ்சிவப்பாய்ப் படர்ந்து கிடக்கும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பொட்டு விழுகிறதோ அதுதான் டைட்டர். 40 இருந்தால் தொற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பது 1972-இல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்விலிருந்து எல்லாரும் பிடித்துக்கொண்டு நடக்கும் கணக்கு.

இப்போது உங்கள் யூனிட்டின் புதுப் பெண்ணையும் உங்களையும் இந்தத் தட்டில் வைத்துப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்காக நான் போடுபவை. அவளுக்கு ஊசிக்கு முன் டைட்டர் 10, ஊசி போட்ட நாலாவது வாரம் 80. எட்டு மடங்கு ஏற்றம். உங்களுக்கு ஊசிக்கு முன்பே 80, போட்ட பிறகு 160. இரண்டு மடங்குதான். ஏற்றத்தை மட்டும் படம் போட்டுக் காட்டினால் அவள் கோடு மாடிப்படி மாதிரி நிற்கும், உங்கள் கோடு திண்ணை மாதிரி கிடக்கும். "பார்த்தீர்களா, வருஷா வருஷம் போட்டவருக்கு ஊசி ஏறவே இல்லை!" ஆனால் காய்ச்சல்காரர் உங்கள் முகத்துக்கு நேராக இருமும்போது உங்களைக் காப்பது எத்தனை மடங்கு ஏறியது என்பதா, எவ்வளவு கையில் இருக்கிறது என்பதா? வங்கிக் கணக்கில் பத்து ரூபாய் வைத்திருந்தவர் எண்பது ஆக்கியதைக் கொண்டாடிவிட்டு, நூற்றறுபது வைத்திருப்பவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிற கதை இது.

மருத்துவமனைப் பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது இந்தச் சித்திரம்தான். அடிக்கடி ஊசி போட்டவர்களுக்கு ஊசிக்கு முந்தைய அளவே உயரமாக இருக்கும், ஏற்றம் சிறியதாக இருக்கும். நார்வேயின் பெர்கன் நகரில் 2009 பன்றிக் காய்ச்சல் ஊசி போட்ட மருத்துவமனைக்காரர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொண்டவர்களின் எதிர்ப்பொருள் காக்கும் அளவுக்கு மேலேயே நின்றது. பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல்களும் குறைந்துபோகவில்லை. எதிர்ப்புச் சக்தி தேய்ந்து மாய்ந்து போகிறது என்றால் அது முதலில் தெரிய வேண்டிய இடம் அதுதான். அங்கே தெரியவில்லை.

சரி, அந்த ஒரு பிடி உண்மை?

1970-களில் இங்கிலாந்தில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற உறைவிடப் பள்ளியில் (பெயரில்தான் ஆஸ்பத்திரி, உள்ளே பையன்கள்) 1972, 1974, 1976 என்று மூன்று தடவை ஃப்ளூ பரவியது. புது ஊசி முதல் தடவை நன்றாகக் காத்தது. ஆனால் மூன்று பரவலையும் கூட்டிப் பார்த்தால், வருடா வருடம் போட்ட பையன்களும் போடாத பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். எங்கள் துறையில் ஐம்பது வருடமாக ஓடும் சண்டை அங்கே ஆரம்பித்தது. 1980-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஐந்து வருடம் பார்த்தபோது அப்படி ஒரு சரிவு தெரியவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு விடை எப்படி வரும்? 1999-இல் டெரெக் ஸ்மித்தும் அவரோடு இருந்தவர்களும் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். எனக்கு இன்றும் அதுதான் ஏற்புடையதாகப் படுகிறது.

ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மூத்த பேத்தியைப் பல வருடம் பார்த்துப் பழகியவர். அதே சாயலில் தங்கை வீட்டுக்குள் நுழைந்தால், நிமிர்ந்து பார்க்காமலே அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். எதிர்ப்பொருளைச் செய்யும் நம் நினைவு பி செல்களும் இந்தப் பாட்டிதான். போன வருட ஊசியும் இந்த வருட ஊசியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்து, வெளியே சுற்றும் வைரஸும் அதே முகமாக இருந்தால் தொல்லையே இல்லை, பழைய பழக்கம் லாபம்தான். இரண்டு ஊசியும் நெருங்கிய சாயல், ஆனால் வெளியே வந்திருப்பது சற்றே வேறு முகம் என்றால்தான் சிக்கல். உடம்பு புது முகத்தைப் புதிதாகப் படிக்காமல் பழைய பெயரையே சொல்லும். போதாததற்கு, ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் ஊசி மருந்தை வந்த வேகத்தில் மூடிக் கழித்துவிடும், புது பி செல்கள் அதைச் சரியாகப் பார்ப்பதற்குள். 2009-இல் கனடாவில், முந்தைய பருவத்தின் ஊசி போட்டிருந்தவர்கள் புதிய எச்1என்1 பன்றிக் காய்ச்சலுக்காக டாக்டரிடம் வந்தது கூடுதலாக இருந்தது என்று ஆய்வுகள் சொன்னபோது எங்களில் பலருக்குத் தூக்கம் போனது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தத் தொல்லை எல்லா வகையிலும் ஒரே மாதிரி இல்லை. எச்3என்2-தான் சண்டிக் குதிரை. அது வேகமாக முகம் மாற்றும். ஊசிக்கான பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: 2023-இல் டார்வின், 2024-இல் தாய்லாந்து, 2025-இல் குரோஷியா என்று வைரஸ் கண்டெடுத்த ஊர் மாறிக்கொண்டே வருகிறது. பி வகைக்கோ 2022-இலிருந்து 2025 வரை அதே ஆஸ்திரியா வைரஸ்தான். அது மட்டுமல்ல, எச்3என்2-ஐ ஊசிக்காகக் கோழி முட்டையில் வளர்க்கும்போது முட்டைக்கு ஏற்றபடி அது தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. ஊசியில் வருவது அசலின் சற்றுத் தேய்ந்த நகல். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கணக்கில் ஊசியின் பாதுகாப்பு எச்1என்1-க்கு 61 சதவீதம், பி வகைக்கு 54, எச்3என்2-க்கு வெறும் 33. உங்களைப் படுக்கப்போட்டது எது? எச்3என்2. அந்த மார்ச் மாதம் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தையே பத்து நாள் மூடினார்கள், நினைவிருக்கும். ஊரே இருமிய மாதத்தில், ஐசியூவில் நின்றுகொண்டு, மூன்றில் ஒரு பங்கு காக்கும் குடையோடு நனைந்தீர்கள். அதற்கு 11 ஊசிமேல் பழி போட நியாயமில்லை. போன ஐப்பசிக் காய்ச்சலைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஸ்வாப் இல்லாமல் அது ஃப்ளூதான் என்று யார் சொன்னது? ஆர்எஸ்வி, கோவிட், அடினோ என்று அடைமழைக்கு ஆயிரம் விருந்தாளி.

இப்போது கடிதத்தின் நெஞ்சுக்கு வருகிறேன். இத்தனை ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான்: இரண்டு வருடமும் போட்டவர் எந்த வருடமும் போடாதவரைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார். ஆனால் இந்த வருடம் மட்டும் புதிதாகப் போட்டவரோடு வைத்துப் பார்த்தால் சில பருவங்களில், முக்கியமாக எச்3என்2-இல், கொஞ்சம் பின்தங்குகிறார்.

அந்த "புதிதாகப் போட்டவர்" யார்? உங்கள் யூனிட்டின் புதுப் பெண். இந்த வருடம் ஊசியை விட்டால் நீங்கள் அவளாகிவிடுவீர்களா? மாட்டீர்கள். பதினோரு வருட நினைவு உங்கள் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஐப்பசியைத் தாண்டிவிட்டால் அது அழிந்துவிடாது. நீங்கள் ஆகப்போவது "போன வருடம் போட்டு இந்த வருடம் விட்டவர்". உங்கள் கையில் இருக்கும் தேர்வு இரண்டே இரண்டு: பழைய நினைவோடு இந்த வருட ஊசி, அல்லது பழைய நினைவு மட்டும். வாட்ஸ்அப் செய்தியோ உங்களால் ஆகவே முடியாத மூன்றாம் ஆளோடு உங்களை ஒப்பிட்டுவிட்டு, அதை வைத்து முதல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் கணவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

அமெரிக்க ஆஸ்பத்திரி என்று அவர் சொல்வது கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வாகத்தான் இருக்கும். 2025 ஏப்ரலில் சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முந்தைய வரைவாக வெளியானது. 53,402 பணியாளர்கள், அவர்களில் 82 சதவீதம் பேர் அந்தப் பருவத்து ஊசி போட்டவர்கள். ஃப்ளூ உறுதியானது 1,079 பேருக்கு. ஊசி போட்டவர்களிடம் ஃப்ளூ 27 சதவீதம் கூடுதல் என்று முடிவு வந்தது. அந்த எண்ணைத்தான் உலகம் முழுக்க ஃபார்வர்டு செய்தார்கள். கவனியுங்கள்: அது அந்த ஒரு பருவத்தைப் பார்த்த ஆய்வு. வருடா வருடம் போட்டவரையும் முதல் முறை போட்டவரையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்ததல்ல. சீட்டுக் குலுக்கி இவருக்கு ஊசி, அவருக்கு வேண்டாம் என்று பிரித்ததும் அல்ல. ஊசி போட்டவர்கள் பரிசோதனைக்கும் அதிகம் போனார்கள் என்பது அதன் தரவிலேயே தெரிகிறது. லேசாகத் தொண்டை கரகரத்தாலே ஸ்வாப் கொடுக்கிறவரும், 102 டிகிரியிலும் டோலோ போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவரும் ஒன்றா? உங்கள் செக்யூரிட்டி அண்ணன் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவிர, ஃப்ளூ வந்தவர்கள் மொத்தமே 2 சதவீதம். ஊசி போடாமல் தப்பியவர் ஒருவரைக் காட்டுவது எந்த ஊரிலும் சுலபம்.

குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை ஒன்று உண்டு, அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 1992 முதல் 1995 வரை பால்டிமோரில், உங்களையும் என்னையும் போன்ற இளவயது மருத்துவமனைக்காரர்களுக்கு. ரத்தப் பரிசோதனையில் உறுதியான தொற்றை ஊசி, ஏ வகையில் 88 சதவீதமும் பி வகையில் 89 சதவீதமும் தடுத்தது. எல்லா வருடமும் அப்படி அமையாது, அது வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திய காலம். அமையாத வருடம் எது என்று ஆவணியில் உட்கார்ந்து யாராலும் சொல்லிவிட முடியாது என்பதும் சேர்ந்தே நினைவிருக்கட்டும்.

உண்மையில் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த சந்தேகம் வேறு. ஊசியை எந்த மாதம் போடுகிறீர்கள்? எழுதவில்லை. நம் பக்கத்துப் பல மருத்துவமனைகளில் ஏப்ரல், மே மாதம் சரக்கு வந்ததும் கையோடு போட்டு முடித்துவிடுவார்கள். காஷ்மீருக்கு ஃப்ளூ குளிர்காலத்தில், டெல்லிக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னை, வேலூர், நம் கடற்கரை எல்லாம் வடகிழக்குப் பருவமழையோடுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னல் அடைத்த பஸ்ஸும், ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயல் வந்தால் நிவாரண முகாமும் வைரஸுக்குக் கல்யாண மண்டபம். ஊசி போட்டு இரண்டு வாரத்தில் பாதுகாப்பு உச்சத்துக்கு வரும், பிறகு மாதா மாதம் இறங்கும். சித்திரையில் போட்ட ஊசி கார்த்திகைக்கு இளைத்துவிடும். எனவே ஆவணியிலோ புரட்டாசி முதல் பாதியிலோ போடுங்கள். 11 தடவை போட்டது உங்களுக்குச் செய்யாத கெடுதலை, தப்பான மாதத்தில் போட்டது செய்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, இது உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஊழியர்களுக்கான ஊசி முகாம். ஊசி மருந்து கொண்டுவந்த கேரியரைத் திறந்தால், ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸ் பேக், அதில் ஒட்டிக்கொண்டு சிரிஞ்ச் பெட்டி. பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளக்கென்று கேட்கும்வரை பொறுக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு சிரிஞ்சில் மருந்து உறைந்து கிடந்தது. வரிசையின் பின்னால் நின்ற ஒரு வயதான தலைமை நர்ஸ்தான் பார்த்தார். "இதப் போட்டா தண்ணி போட்ட மாதிரிதான் சார்" என்று பெட்டியை அப்படியே ஓரமாக எடுத்து வைத்தார். அன்று முகாம் இல்லை. ஃப்ளூ ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒருமுறை உறைந்தால் குப்பைதான். அன்று அவர் கவனிக்கவில்லை என்றால் நாங்கள் ஐம்பது பேர் "ஊசி போட்டும் வந்துவிட்டது" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்போம்.

திரும்பத் திரும்பப் போடுகிறவர்களுக்கு ஏற்ற ஊசி வராதா என்று கேட்பீர்கள். முட்டையே இல்லாமல் செய்யும் ரீகாம்பினன்ட் ஊசி இருக்கிறது, ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராமுக்குப் பதில் 45. அமெரிக்க மருத்துவமனைப் பணியாளர்களிடம், முந்தைய வருடங்களில் ஊசி போட்டிருந்தவர்களிடமும்கூட, அது எதிர்ப்பொருளை நன்றாக ஏற்றியது. நம் மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது முட்டையில் வளர்த்ததுதான். கிடைப்பதைப் போடுங்கள். பெட்டியில் எந்தப் பருவத்துக்கானது என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், போன வருடச் சரக்கு வேண்டாம்.

மாமியாருக்கும் போடுங்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஊசி ஏறுவது மந்தம்தான், அதனால்தான் அவரைச் சுற்றி இருக்கும் நீங்களும் கணவரும் சேர்ந்து போட வேண்டும். கணவர் இதுவரை போட்டதில்லை என்றால், செய்திப்படி பார்த்தாலே அவருக்குத்தான் ஊசி பிரமாதமாக ஏறப்போகிறது. சொல்லிப் பாருங்கள்.

இந்த ஐப்பசியில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே ஸ்வாப் கொடுங்கள். ஃப்ளூ என்றால் ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். மாமியாருக்கு வந்தால் உங்கள் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு அளவு வேறு. யூனிட்டுக்குப் போன் போட்டு, காய்ச்சலோடு அழைத்து வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், அவரைக் கடைசிப் படுக்கையில் தனியாகப் போடுவார்கள்.